பொய்க் கையெழுத்துப் போட்டால்தான் என் வீட்டுக்குக் காப்பீடா?

ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், வீட்டுக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

என் வீட்டு பாலிசி வருகிற 28-ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்கப் போனேன். காப்பீட்டுக் கவுண்டரில் ஒரு தாளை நீட்டினார்கள். மேற்படி வீட்டில் எந்தத் தொழிலோ வியாபாரமோ நடக்கவில்லை என்று நான் உறுதி கூற வேண்டுமாம். தாள் முழுக்க ஆங்கிலம். அங்கே இருந்த தம்பிதான் அர்த்தம் சொன்னார். சொல்லிவிட்டு, "போடுங்கக்கா, எல்லாரும் போடுறதுதான்" என்றார்.

நான் போடவில்லை. என் வீட்டு முன்சாய்ப்பில் 14 வருஷமாகத் தையல் நடக்கிறது. வாசலில் போர்டு தொங்குகிறது. தெருவில் வருகிற யாருக்கும் தெரிகிற ஒன்றை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வீட்டில் ஓடு பறந்தாலும் சுவர் இடிந்தாலும் அதே தாளை எடுத்துக் காட்டி "நீ பொய் சொன்னாய்" என்று சொல்ல மாட்டீர்களா? உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் காப்பீட்டுக்கு அஸ்திவாரம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். உங்கள் பெயரில் வியாபாரம் செய்கிற ஒரு கவுண்டரிலேயே பொய் சொல்லச் சொன்னால் எப்படி?

சரி, இது இந்த மாதம் ஆரம்பித்த கதை இல்லை. 2021 நவம்பரில் ஆரம்பித்தது.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைப் பக்கம், குழித்துறை ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் உள்ளே. அந்த நவம்பரில் மழை விடவே இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மாமி என்னை எழுப்பி, "பிள்ளே, அடுக்களையில வெள்ளம்" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சாய்ப்பு முழுக்கச் செம்மண் தண்ணீர். பிள்ளைகளையும் மாமியையும் மேட்டு வீட்டுக்கு அனுப்பினோம். கட்டிலில் ஏற்றக்கூடியதை ஏற்றினோம். மெஷினை எப்படி ஏற்றுவது? ஒரு பவர் மெஷின் மேஜையோடு சேர்த்து என்ன கனம் இருக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நானும் வீட்டுக்காரரும் ஒன்றைப் பாதி தூக்கி, வழுக்கி, அப்படியே விட்டுவிட்டோம்.

தண்ணீர் வடிய ரெண்டு நாள் ஆனது. சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு. ரெண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், மூன்றின் மோட்டாரும் போய்விட்டது. மாமியின் பழைய கால்மிதி மெஷின் மட்டும் பிழைத்தது. கழற்றித் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் போட்டதும் மூன்றாம் நாள் தைத்தது. "எனக்க மெஷினுக்கு கரண்டும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம்" என்று மாமி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் ஜூனில்தான் வீட்டைப் பழுது பார்க்கக் கடன் வாங்கி, கூடவே வீட்டு பாலிசியும் எடுத்திருந்தோம். 2021 ஏப்ரல் 1 முதல் நீங்கள் கொண்டுவந்த பாரத் கிருஹ ரக்ஷா. நல்ல பாலிசி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் உண்டு. கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்ச ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு வந்துவிடும், பட்டியல்கூடக் கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு 12 லட்சம், சாமானுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். விற்றவரிடம் அன்றைக்கே கேட்டேன்: "சாய்ப்பில் மெஷின் இருக்கிறதே?" "வீட்டுக்குள்ள இருக்கிறது எல்லாம் கவர் ஆகும்க்கா" என்றார். எழுதி வாங்கியிருக்க வேண்டும். அது என் பிழை.

ஆறாம் நாள், சேதத்தைக் கணக்குப் போடுகிற காப்பீட்டு சர்வேயர் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன். மாமி போட்டுக்கொடுத்த சாயாவைக் குடித்தார், சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, கட்டில் எல்லாம் எழுதினார். சாய்ப்புக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே பார்த்து, "இந்த ஃபேன் வீட்டு ஃபேனா, கடை ஃபேனா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ராத்திரி அந்த ஃபேனுக்குக் கீழேதான் என் மகன் பாய் போட்டுப் படுப்பான். அடுத்து தேய்ப்புப் பெட்டி. காலையில் ஏழரை மணிக்குப் பிள்ளைகளின் யூனிபார்மைத் தேய்க்கிறேன். பத்து மணிக்கு மேல் தைத்து முடித்த பிளவுஸைத் தேய்க்கிறேன். அப்படியானால் அது காலையில் வீட்டுப் பொருள், பத்து மணிக்கு மேல் வியாபாரப் பொருள். வெள்ளம் வந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு. அந்த நேரத்தில் தேய்ப்புப் பெட்டி யாருடைய கட்சி?

முடிவில் எங்களுக்கு வந்தது 19,800 ரூபாய், வீட்டுச் சாமானுக்கு மட்டும். மெஷின்கள் மூன்றும் சேர்த்து 60,500. லைனிங், நூல், ஃபால்ஸ், விற்க வைத்திருந்த துணி 18,000. இவற்றுக்கு வந்தது ஒரு வரி: தொழிலுக்குப் பயன்படும் பொருள், இழப்பீடு இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. என் வீட்டில் நனைந்ததில் பாதி என்னுடையதே இல்லை. கருங்கல் பக்கத்துக் கல்யாண வீட்டுப் பட்டு பிளவுஸ் மூன்று, ஃபால்ஸ் வைக்கக் கொடுத்த பட்டுச்சேலை ரெண்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. சேற்றுக் கறை பட்டில் ஏறினால் போகாது, சாயமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, "வெள்ளத்துக்கு நீ என்ன செய்வே" என்றுதான் சொன்னார். நான்தான் வளையலை அடகு வைத்து 34,000 ரூபாய் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் இந்த ஊரில் எனக்கு அடுத்த பிளவுஸ் யார் தருவார்கள்? பிறர் நம்பிக் கொடுத்து வைத்திருக்கிற பொருளுக்குக் காப்பு வேண்டுமென்றால் பாலிசியில் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. தையல்காரி, பொற்கொல்லர், சலவைக்காரர் யாரை எடுத்தாலும் எங்கள் தொழிலே பிறர் பொருளை வாங்கி வைப்பதுதான். அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று எங்களிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை.

மறுத்து வந்த கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் நிறுவனத்தின் மேல் உள்ள புகாரை விசாரிக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் முகவரி இருந்திருக்கிறது. மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதும் இருந்திருக்கலாம். எனக்கு அதைப் படித்துச் சொன்னது பள்ளிக்கூடம் முடித்த என் மகள், ஒன்றரை வருஷம் கழித்து. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம், 91.75 சதவீதம். எங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. நீங்கள் தமிழில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். வீட்டு பாலிசி தொழிலைச் சேர்க்காது என்றால் தொழில் பாலிசி எடுத்துவிடலாம் என்று போனேன். அதற்கும் நீங்கள் ஒன்று வைத்திருக்கிறீர்கள்: பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. (பெயரைச் சொல்லிப் பழகவே ரெண்டு நாள் ஆனது.) ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கு. நமக்குத்தான் இது என்று, சிறு தொழிலுக்கு அரசு தருகிற உத்யம் பதிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "கடை எங்கே?" கடை இல்லை, வீட்டில்தான். "அப்போ வீட்டு பாலிசி எடுங்க." வீட்டு பாலிசியில் மெஷின் வராது என்கிறார்களே. "அப்போ கடை வாடகை ஒப்பந்தமோ, லைசென்ஸோ கொண்டு வாங்க." கிழக்கே கேட்டால் மேற்கே போ என்கிறார்கள், மேற்கே போனால் கிழக்கே கை காட்டுகிறார்கள். உங்கள் விதிப்படி இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. 5 கோடி வரை என்று மேல் எல்லை போட்ட நீங்கள், ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ளவளை நினைத்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

இதே வீட்டுக்கு வந்துதான் வங்கி அதிகாரி சிறு தொழிலுக்கான முத்ரா சிசு கடன் 50,000 கொடுத்தார். சாய்ப்பில் நின்று, நான் மெஷினில் உட்கார்ந்திருக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். உத்யம் பதிவில் இதே கதவு எண்தான். தையல் தொழிலாளர் நல வாரிய அட்டையிலும் இதே விலாசம். கடன் கொடுக்கிறபோது என் வீடு தொழிற்கூடம். இழப்பீடு கேட்டால், அது தொழிற்கூடம், ஆகையால் வீடில்லை. தொழில் பாலிசி கேட்டால், அது வீடு, ஆகையால் தொழிற்கூடமில்லை. மோட்டார் போன மெஷினுக்கு வாங்கிய கடனை மட்டும் மாசாமாசம் தவறாமல் கட்டி முடித்தேன்.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. எங்கள் மகளிர் குழுவில் இருக்கிற ஒரு மைனி வீட்டு அடுக்களையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஏத்தங்காய் சிப்ஸும் போடுகிறார். வளைகுடாவுக்குப் போகிற முக்கால்வாசிப் பெட்டிகளில் அவர் கைப்பக்குவம் ஒரு பொட்டலமாவது இருக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, அடுக்களைக் கூரையில் பாதி கருகியது. வீட்டு சிலிண்டரில் நடக்கும் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் பொதுவாக எடுத்து வைத்திருக்கிற காப்பீடு ஒன்று உண்டு, சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. அவர் கேட்கவே போகவில்லை. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் வியாபாரத்துக்குப் பலகாரம் சுட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அது தப்புத்தான், 19 கிலோ சிலிண்டர் வாங்கியிருக்க வேண்டும். அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வெளிப்படையாகச் சொல்லி முறையாகச் செய்ய ஒரு வாசல் திறந்திருந்தால் அவர் ஒளிந்திருக்க மாட்டார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேனீப்பெட்டி வைப்பவர்கள், எடுத்த தேனை டின் டின்னாக வீட்டு அறையில்தான் அடுக்குகிறார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களில் பலருக்கு வீட்டின் ஒரு மூலைதான் பட்டறை. நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்து மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. அன்று தொட்டு எங்கள் மாவட்டத்துப் பெண்களின் ஊசி வேலை வீட்டை விட்டுப் பெரிதாக வெளியே வந்ததே இல்லை. வீடு என்பது தூங்குகிற இடம், தொழில் வேறெங்கோ நடக்கிற சமாசாரம் என்ற கணக்கு பெரிய ஊர் ஆபீஸ்காரர்களின் கணக்கு.

இங்கே பேரிடரும் எப்போதோ வருகிற விருந்தாளி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. ரப்பரும் வாழையும் அடியோடு விழுந்தன, கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் எத்தனை. 2021-இல் நான் சொன்ன வெள்ளம். 2023 டிசம்பரில் தென்மாவட்ட மழை. ரெண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. "2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் எங்கள் ஆற்றில் எத்தனை வெள்ளம் வந்து போகும்?

பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய் என் கணக்கிலிருந்து போகிறது. விபத்தில் நான் செத்தால் வீட்டுக்கு 2 லட்சம் வரும். நல்லது. நான் உயிரோடு இருந்து, என் மெஷின் செத்தால் என்ன வரும்?

உங்கள் தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தொழில் நடந்தால் அடுப்பு எரியும், ஆள் வந்து போவார்கள், சரக்கு சேரும், ஆபத்து கூடும். பில் இல்லாத பொருளுக்கு எப்படி மதிப்புப் போடுவது என்பீர்கள். கூடுதல் ஆபத்துக்குக் கூடுதல் பிரீமியம் வாங்குங்கள். சொந்தக் கார், வாடகைக் கார் என்று பிரித்து ரெண்டுக்கும் பாலிசி வைத்திருப்பவர்கள்தானே நீங்கள். வாடகைக்கு ஓடுகிற காரை "இது காரே இல்லை" என்று சொல்வதில்லையே. நான் இனாம் கேட்கவில்லை. ஒரு லட்ச ரூபாய் மெஷினுக்கும் துணிக்கும் வருஷத்துக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், தருகிறேன். விலை சொல்லக்கூட ஆள் இல்லை என்பதுதான் என் வழக்கு.

நான் கேட்பது இவை.

முதலில் அந்த உறுதிமொழித் தாள். குடியிருக்கிறவர்களே செய்கிற சிறு தொழில் ஒரு வீட்டை வீடில்லாமல் ஆக்கிவிடாது என்று ஆணையம் எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். "தொழில் நடக்கவில்லை" என்று கையெழுத்து வாங்குவதற்குப் பதில், என்ன தொழில், எத்தனை பேர், எவ்வளவு பொருள், அடுப்பு உண்டா என்று நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உண்மையான பதில் கிடைக்கும்.

அடுத்து, வீட்டு பாலிசியோடு சேர்த்து எடுக்கிற மாதிரி வீட்டுத் தொழிலுக்கு ஒரு துணைக் காப்பு. கருவிகளும் சரக்கும் ஒரு 3 லட்சம் வரையாவது. அதிலேயே வாடிக்கையாளர் கொடுத்து வைத்த பொருளும் அடங்க வேண்டும், தனியாகச் சொல்ல மறந்தார்கள் என்ற பேச்சே வரக்கூடாது. எங்கள் பலகாரத்தாலோ தீயாலோ பக்கத்து வீட்டுக்கு ஒன்று ஆனால் அந்தப் பொறுப்புக்கும் ஒரு சிறு தொகை. சான்றாக உத்யம் பதிவோ, நல வாரிய அட்டையோ, உணவுப் பாதுகாப்புப் பதிவோ போதும் என்று வையுங்கள். பழைய மெஷினுக்குப் பில் கேட்காதீர்கள். எடுக்கிற அன்றைக்கு நீங்களே போட்டோ எடுத்துப் பாலிசியோடு ஒட்டிவிடுங்கள். வங்கிக்காரர் எடுக்கவில்லையா?

சூக்ஷ்ம உத்யம் பாலிசியை வீட்டு விலாசத்துக்கும் தர வேண்டும், கடை ஒப்பந்தம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். முத்ரா கடன் வாங்குகிற அன்றைக்கே, அந்தப் பொருளுக்குக் காப்பு இருக்கிறதா, எந்த பாலிசியில், எந்த விலாசத்தில் என்று வங்கி ஒரு தாளில் எழுதித் தரும்படி வங்கிகளோடும் பேசுங்கள்.

தமிழ். பாலிசியின் முதல் பக்கத்தில், எது வராது என்பதைக் கேட்காமலேயே தமிழில் தர வேண்டும். மறுப்புக் கடிதமும் தமிழில் வேண்டும், குறைதீர்ப்பாளரிடம் போகக் கடைசித் தேதி எது என்பது பெரிய எழுத்தில். அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, எங்களுக்கு ஒரு ராத்திரி ரயில். இணையம் உண்டு என்பீர்கள், சரி. ஆனாலும் வருஷத்தில் ஒரு தடவை நாகர்கோவிலில் வந்து உட்கார்ந்து கேட்கச் செய்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் எடுக்கிற காப்பீட்டில் 18 சதவீதம் இன்னும் நிற்கிறது. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும், ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் பரிந்துரைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஊராட்சிதோறும் பெண்களை வைத்துக் காப்பீடு விற்க பீமா வாகக் என்று 2023-இல் ஒரு திட்டம் வகுத்தீர்கள். அப்படி ஒரு பெண் என் வாசலுக்கு வந்தால் நான் இதே கேள்வியைத்தான் அவளிடம் கேட்பேன். அவளும் தன் வீட்டில் ஒரு மெஷின் வைத்திருப்பவளாகத்தான் இருப்பாள். அவளுக்கு ஒரு பதிலைக் கொடுத்து அனுப்புங்கள்.

இதெல்லாம் முடிவாக நாள் ஆகும். அதுவரைக்கும் இந்தத் தாளில் கையெழுத்துப் போடாததற்காக யாருடைய வீட்டு பாலிசியும் அறுந்து போகக் கூடாது என்று இடைக்கால உத்தரவாவது இடுங்கள். என்னுடையது 28-இல் முடிகிறது. தாள் இங்கேதான், மெஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. "தொழில் நடக்கவில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, "தையல் நடக்கிறது, மூன்று மெஷின்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று மட்டும் அதற்கு முன்னால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முஞ்சிறைப் பக்கத்துத் தையல்காரி ஒருத்தி